கோடை வாசிப்பும் பெற்றோரும்

அமெரிக்காவில் பல நடுநிலைப் பள்ளிகள், நீண்ட கோடை விடுமுறையில் படித்தே ஆகவேண்டிய நூல்களைக் குறித்துத் தருகின்றன. பள்ளி திறந்ததும் தேர்வோ கட்டுரையோ காத்திருக்கும். இடைவெளியில் வாசிப்புத் திறன் மங்கிவிடும் என அஞ்சும் பெற்றோர் இதை வரவேற்கிறார்கள். மதிப்பெண்ணுக்காகப் படித்தால் புத்தகமே கசந்துவிடும் என்கிறார்கள் வேறு சிலர். இந்தப் பின்னவர்களின் கவலையை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆய்வாளர் ரிச்சர்ட் அலிங்டன் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஃபுளோரிடா ஆய்வில், ஏழைத் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு அவர்களே தேர்ந்தெடுத்த புத்தகங்கள் 3 கோடைகளில் இலவசமாகக் கிடைத்தன. அவர்களது வாசிப்புத் திறன் உயர்ந்தது. நடுநிலைப் பள்ளி மாணவருக்கும் நூலைத் தேர்ந்தெடுக்கும் அந்த உரிமை வேண்டும். வாசிப்பு கட்டாயமாகவே இருக்கட்டும். எந்த நூல் என்பதைப் பிள்ளைகளிடம் விட்டு, வாங்க வசதியில்லாத வீடுகளுக்குப் பிரதிகளைப் பள்ளிகளே கொடுக்க வேண்டும்.