பிளமன்வில் அணுமின் நிலையம்: மௌனத்திற்கு விலை கொடுப்பது யார்?

பிரான்சின் நோர்மண்டிக் கரையோரத்தில் அமைந்துள்ள பிளமன்வில் அணுமின் நிலையத்தின் மூன்றாவது உலை, 2024ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் திகதி முதன்முறையாகத் தேசிய மின்வலையமைப்புடன் இணைக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டின் இறுதியில் கட்டுமானம் ஆரம்பமானபோது, 2012இல் மின்சாரம் கிடைக்கும் என்றே அறிவிக்கப்பட்டிருந்தது. 330 கோடி யூரோ எனக் கூறப்பட்ட கட்டுமானச் செலவு 1,320 கோடியை எட்டியது. நிதிச் செலவுகள் முதலியவற்றையும் சேர்த்து, பிரெஞ்சுக் கணக்காய்வு மன்றம் 2025 ஜனவரியில் வெளியிட்ட மதிப்பீடு 2,370 கோடி யூரோ ஆகும்.

பன்னிரண்டு ஆண்டுத் தாமதத்திற்குப் புதிய உலையின் சிக்கலான வடிவமைப்பை மட்டும் காரணம் காட்டுவது பொருந்தாது. அரசின் வேண்டுகோளின்படி ஜோன் மார்ட்டின் போல்ஸ் 2019 ஒக்ரோபரில் கையளித்த அறிக்கை, திட்ட முகாமைத்துவத்தின் குறைபாடுகளையும் வெளிச்சத்திற்குக் கொண்டுவந்தது. உரிமையாளரின் பொறுப்பும் கட்டுவிப்பவரின் பொறுப்பும் ஒரே நிறுவனத்தினுள் கலந்துகிடந்தன என்பது அவற்றுள் ஒன்று.

இதனை விளக்க ஓர் உதாரணம் போதும். உலையின் வெப்பத்தால் உருவாகும் நீராவியைச் சுழலிக்குக் கொண்டுசெல்லும் பிரதான குழாய்கள் ஒருபோதும் உடையமாட்டா என்ற அடிப்படையிலேயே நிலையம் வடிவமைக்கப்பட்டது. ஆகவே அக்குழாய்களின் பற்றவைப்புகள் வழமையை விட உயர்ந்த தரத்தில் அமைந்திருத்தல் வேண்டும். ஆனால் இந்த மேலதிக நிபந்தனை, வேலையைச் செய்த உபஒப்பந்தகாரரை உரியவாறு சென்றடையவில்லை. குறைபாடு பின்னர் தெரியவந்தபோதும், அணுப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அது 2017இல்தான் அறிவிக்கப்பட்டது. உலையைச் சூழ்ந்துள்ள பாதுகாப்புச் சுவர்களை ஊடறுத்துச் செல்லும் எட்டுப் பற்றவைப்புகளையும் திருத்தியேயாக வேண்டும் என 2019 ஜூனில் அச்சபை கூறிவிட்டது. மனிதர் எளிதில் நெருங்க முடியாத அவ்விடங்களில் இயந்திர மனிதக் கருவிகளைக் கொண்டே திருத்தவேண்டியதாயிற்று.

இங்கே தவறியது இரும்பன்று, சொல்லே. மேலிருந்து கீழே செல்லவேண்டிய நிபந்தனை இடைவழியில் நின்றது. கீழிருந்து மேலே வரவேண்டிய கெட்ட செய்தி காலந்தாழ்த்தி வந்தது. இடர் முகாமைத்துவம் என்பது அட்டவணைகளை நிரப்புவதன்று. தவறு சிறிதாக இருக்கும்போதே அதை அச்சமின்றிச் சொல்லக்கூடிய சூழலை உருவாக்குவதாகும். திட்ட முகாமையாளரின் முதற்கடமை இதுவே என்பது எமது கருத்து.

இதே கட்டுமானத் தளத்தில் போலந்து, ருமேனியத் தொழிலாளர்கள் சட்டவிரோதமான முறையில் வேலைக்கு அமர்த்தப்பட்டமைக்காக 2015இல் நீதிமன்றம் அபராதம் விதித்தது. இடைத்தரகர்களின் சங்கிலி நீளும்போது, அதன் கடைசிக் கண்ணியில் நிற்பவனிடம் எச்சரிக்கை எந்த மொழியில் வந்து சேரும்? விளங்காத கட்டளைக்கும் 'உய்' என்று தலையாட்டவேண்டிய நிலையை எம்மவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வேலை பறிபோகும் என்ற அச்சத்தில் கேள்வி கேளாதிருப்பவனைக் குற்றவாளியாக்குவது எளிது. அவன் கேள்வி கேட்க இடமளிக்காதவர்களே முதலில் பதில் கூறவேண்டியவர்கள்.

புதிதாக ஆறு உலைகளை அமைக்கும் திட்டத்தை 2022 பெப்ரவரியில் ஜனாதிபதி மக்ரோன் அறிவித்தார். அவற்றுள் முதலிரண்டும் பென்லி என்னுமிடத்திற்கெனத் திட்டமிடப்பட்டன. மின்சார நிறுவனம் 2023 முதல் முழுமையாக அரசுடைமையாகிவிட்டபடியால், இனிவரும் தாமதங்களின் சுமை இறுதியில் வரி செலுத்துவோர் மீதும் மின்கட்டணம் செலுத்துவோர் மீதுமே விழும். இந்நாட்டில் உழைத்து வரி செலுத்தும் எமக்கும் அதில் பங்குண்டு. அடுத்த அடிக்கல்லை நாட்டுவதற்கு முன்னர், பற்றவைப்பவனின் குரல் முகாமையாளரின் மேசையை எவ்வழியாக அடையும் என்பதை அரசு தெளிவுபடுத்துமா?