விளையாட்டுத் தோட்டமும் வீட்டுத் தோட்டமும்

"பிள்ளைகள் தோட்டத்துப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை, எந்நேரமும் கைபேசியும் கணினியும்தான்" என்று விவசாயப் பெருமக்கள் பலர் என்னிடம் குறைபட்டுக்கொள்வது உண்டு. நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கை மகள் கணினி முன் மணிக்கணக்கில் அமர்ந்திருந்ததைக் கண்டு கடிந்துகொண்டேன். "மாமா, நானும் தோட்ட வேலைதான் செய்கிறேன், வந்து பாருங்கள்" என்றாள். அரை மணி நேரம் உடன் அமர்ந்து பார்த்தேன். அதன் பிறகு என் கருத்து பெரிதும் மாறிவிட்டது.

அவள் ஆடியது 'சிம்ஸ் 4' என்னும் விளையாட்டு. 2014ஆம் ஆண்டில் வெளிவந்தது. திரையில் ஒரு குடும்பத்தை உருவாக்கி, அதன் அன்றாட வாழ்க்கையை நாமே நடத்தவேண்டும். 2015இல் காட்டில் மூலிகை திரட்டி மருந்து செய்யும் பகுதியும், 2018இல் பருவ காலங்களும், 2021இல் கிராம வாழ்க்கையும் இதில் சேர்க்கப்பட்டன. இங்கிலாந்து நாட்டுச் சிற்றூர் போன்ற அக்கிராமத்தில் பசு, கோழி வளர்க்கலாம். பூசணியும் கத்தரியும் விளைவிக்கலாம். பழத்தை ஜாம் ஆக்கிப் போத்தலில் அடைக்கலாம். கையில் காய்கறி இருந்தால்தான் அடுப்பில் சமையல் ஆகும் என்று ஒரு விதியையும் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம்.

இதில் மெச்சத்தக்கவை பல. செடிக்கு நாள்தோறும் நீர் விடவேண்டும். களை முளைக்கிறது, பூச்சி தாக்குகிறது. பருவம் தப்பினால் செடி காய்க்காது. நட்டவுடன் பலன் கிடைக்காது என்பதைப் பட்டணத்துப் பிள்ளையும் இதில் கற்றுக்கொள்கிறது.

தவறுகளும் உண்டு. ஸ்ட்ராபெரிச் செடியில் ஸ்னாப்டிராகன் என்னும் பூச்செடியை ஒட்டுக்கட்டினால் டிராகன் பழம் காய்க்கிறது! டிராகன் பழம் கள்ளி இனத்தைச் சேர்ந்தது. உறவில்லாத செடிகள் ஒட்டில் இணையமாட்டா. இணைந்தாலும் மூன்றாவது ஒரு பழம் பிறக்காது. சுண்டைக்காய்ச் செடியின் வேர்ப்பாகத்தில் கத்தரியை ஒட்டுக்கட்டலாம். இரண்டும் ஒரே இனத்தவை. வாடல் நோயையும் நூற்புழுவையும் சுண்டையின் வேர் தாங்கும். மேலே காய்ப்பது கத்தரியேதான். இதை விளக்கியபோது அவள் வியப்புடன் கேட்டாள். விளையாட்டு ஆர்வத்தைத் தூண்டியிருந்தது. விளக்கம் சொல்ல அருகில் ஓர் ஆள் தேவைப்பட்டது.

மூலிகைப் பகுதியில் விளையாட்டு நமக்கே பாடம் சொல்கிறது. காட்டில் பறித்த செடி முதலில் 'அடையாளம் தெரியாதது' என்றே காட்டப்படுகிறது. நல்ல செடியைப் போலவே நச்சுச் செடியும் உண்டு. மூலிகை அறிவு வளர்ந்த பின்னரே எது எதுவென்று தெரியும். நம் ஊர்களில் இந்தக் கவனம் குறைந்துவருகிறது. யாரோ கைபேசியில் அனுப்பிய படத்தைப் பார்த்துக் கஷாயம் வைப்போர் உள்ளனர். மூலனூர், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் பயிராகும் கண்வலிக்கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விதை மருந்துக்காக நல்ல விலைக்குப் போகிறது. ஆனால் செடி முழுவதிலும் கோல்ச்சிசின் என்னும் கொடிய நஞ்சு உள்ளது. வள்ளிக்கிழங்கு என்று எண்ணி இதை உண்டு உயிரிழந்தோர் உண்டு. வேலியோரச் செடியை அடையாளம் காணக் கற்ற பிறகே அதை மருந்தென்று தொடவேண்டும்.

பதப்படுத்துதலில் விளையாட்டு மிக அவசரப்படுகிறது. சில நிமிடங்களில் போத்தல் தயார். உண்மையில் போத்தலுக்குள் நடப்பது கிருமிகளோடு ஒரு போராட்டம். ஜாமில் சர்க்கரை முதலிய கரையும் பொருள்கள் நூற்றுக்கு 68 பங்கு அளவுக்கு வரும்வரை காய்ச்சுவதும், ஊறுகாயில் உப்பு நூற்றுக்கு 15 பங்குக்குக் குறையாமல் சேர்ப்பதும் சுவைக்காக மட்டுமல்ல. கிருமி வளரத் தேவையான ஈரத்தை அவை கட்டிப்போடுகின்றன. புளிப்பும் ஒரு காவல். ஆனால் பீன்ஸ், காளான் போன்ற புளிப்பற்றவற்றை வெறுமனே கொதிக்கவைத்துக் காற்றுப்புகாமல் அடைப்பது ஆபத்து. கொதிநீரிலும் சாகாத கிருமி வித்துக்கள் பின்னர் முளைத்து, உள்ளே போட்டுலினம் என்னும் நஞ்சை உண்டாக்கும். நிறமும் மணமும் மாறாமலே இருக்கக்கூடும். தக்காளியின் புளிப்பு எல்லைக்கோட்டில் நிற்பதால், அதை அடைக்கும்போதும் எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ அளவாகச் சேர்ப்பது அவசியம். விற்பனைக்குச் செய்ய விரும்புவோர் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி பெற்ற பின்னரே தொடங்குவது நலம்.

இவ்வளவும் சொன்ன என்னிடம் அவள் ஒரு கேள்வி கேட்டாள். "அதெல்லாம் சரி மாமா, நம் பாட்டி நார்த்தங்காய்க்கு எவ்வளவு உப்புப் போடுவார்? எத்தனை நாள் வெயிலில் வைப்பார்?" நான் பதில் இன்றி விழித்தேன். பாட்டி என்றது என் தாயாரை. இரண்டு ஆண்டுகள் கெடாத ஊறுகாய் அவர் போடுவார். கையால் அள்ளிப் போடுவார். படியோ தராசோ கிடையாது. முனைவர் பட்டம் பெற்ற நான், எத்தனையோ ஊர்களில் பதப்படுத்தும் பயிற்சி நடத்திய நான், ஒரு நாளும் அவர் அருகில் அமர்ந்து அந்தக் கைப்பிடியை எடை போட்டுப் பார்க்கவில்லை. இப்போது கேட்க அவர் இல்லை.

ஆகவே பிள்ளைகள் இத்தகைய விளையாட்டு ஆடுவதைக் கண்டால் கோபிக்காதீர்கள். திரையில் தக்காளி நட்ட பிள்ளைக்கு, கொல்லையில் நாலு பாத்தியை ஒதுக்கிக் கொடுங்கள். கீழாநெல்லியில் இலைகளின் கீழே காய்கள் வரிசையாக இருப்பதைக் காட்டுங்கள். வீட்டில் பெரியவர்கள் ஊறுகாய் போடும் நாளில் பிள்ளையின் கையில் ஒரு தராசையும் நோட்டுப் புத்தகத்தையும் கொடுத்துப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். விளையாட்டில் செடி பட்டுப்போனால் மீண்டும் தொடங்கலாம். வீட்டுப் பெரியவரோடு போன அறிவை மீண்டும் தொடங்க வழியில்லை. இந்த ஆண்டு நார்த்தங்காய் காய்க்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.