நாலு கால் முக்காலி

எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள், அதன்மேல் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவை அது சொல்லாமல் கொள்ளாமல் கீழே தள்ளிவிட்டது. கால் ஒன்று மடங்கிக்கொண்டது. ஸ்டூல் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், அவரைக்காய் எல்லாப் பக்கமும். நல்ல காலம், எலும்பு முறியவில்லை. மணிக்கட்டு மட்டும் மூன்று வாரம் வீங்கிக் கிடந்தது.

அம்மாவுக்கு முழங்கால் வலி. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தால் பாதம் தரையில் படியாது. சரியாக 14 அங்குல உயரம் வேண்டும் என்று நாடா வைத்து அளந்தேன். கடைகளில் பார்த்தவை ஒன்று குட்டை, இல்லாவிட்டால் நெட்டை.

"நானே மரத்தில் செய்துவிடுகிறேன்" என்றேன்.

என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி ஒரு தரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை.

அம்மாதான் பேசினாள். "மூணு காலா, நாலு காலா?"

"மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாது அம்மா. கணக்குப்படி அப்படித்தான்."

"ஆடாது, சாயும். ஒரு தடவை விழுந்தது போதும். நாலு காலா வை."

ஆக, நாலு காலுள்ள முக்காலி ஒன்று செய்வதென்று தீர்மானம் ஆயிற்று. மெஷின் வாங்க எனக்கு இஷ்டமில்லை. அதன் சத்தமும் தூளும் எங்கள் புரசைவாக்கத்து வீட்டுக்குத் தாங்காது. கைச்சாமான் போதும் என்று நினைத்தேன். இந்த மகா நகரத்தில் நாலு உளியும் ஒரு பலகையும் கிடைக்காமலா போய்விடும்?

கிடைத்தன. ஆனால் நான் நினைத்த வரிசையில் கிடைக்கவில்லை. அந்த வரிசையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். மரவேலை கற்க ஆசைப்படும் சகோதரிகளுக்கு எனக்கு ஆன செலவில் பாதியாவது மிச்சமாகட்டும்.

பழைய சாமானுக்கு மூர் மார்க்கெட் இருந்தது என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுவார்கள். அது 1985-ல் தீக்கு இரையாகிவிட்டது. நான் போனது பாரிமுனைக்குப் பக்கத்தில் லிங்கிச் செட்டித் தெருவுக்கு. இரும்புச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு அது. கையில் ஒரு பட்டியல்: ரம்பம் ஒன்று; அரை அங்குலத்தில் ஓர் உளி, ஓர் அங்குலத்தில் ஓர் உளி; இழைப்புளி, மூலைமட்டம், கொட்டாப்புளி.

கடைக்காரர் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆசாரியை அனுப்பிச்சுடுங்க மேடம். அவருக்குத்தான் எது வேணும்னு தெரியும்" என்றார்.

"ஆசாரி நான்தான்" என்றேன். அதன் பிறகு மரியாதை குறையவில்லை. விலையும் குறையவில்லை.

அங்கே நான் உருப்படியாகச் செய்த காரியம் ஒன்று உண்டு. மூலைமட்டம் உண்மையிலேயே சதுரமா என்று பார்ப்பது மிகவும் சுலபம். நேரான விளிம்புள்ள ஓர் அட்டையில் அதை வைத்துப் பென்சிலால் கோடு போடுங்கள். மட்டத்தை மறுபுறம் திருப்பி, அதே இடத்திலிருந்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றாகப் படிந்தால் வாங்கலாம். மேலே போகப் போக விலகினால் வைத்துவிடலாம். முதல் இரண்டும் விலகின; மூன்றாவது படிந்தது. வீட்டில் இருந்தபடியே தபாலில் வரவழைத்தால் இந்தச் சோதனை நடக்காது. மூலைமட்டத்தையாவது நேரில் போய் வாங்குங்கள்.

உளிகள் பளபளவென்று இருந்தன. வீட்டுக்கு வந்து மரத்தில் வைத்து அடித்தால் வெட்டவில்லை, நசுக்கின. புது உளி கடையிலிருந்து வேலைக்குத் தயாராக வருவதில்லை, நாம்தான் கூர் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற சமாசாரம் எனக்கு அப்போது தெரியாது. தெருவில் சாணை பிடிக்கிறவர் வந்தார். ஓடிப் போய் ஓர் அங்குல உளியை நீட்டினேன். சக்கரம் சுழன்றது, தீபாவளி மத்தாப்பு மாதிரி பொறி பறந்தது. முனையில் அழகான நீல நிறம் படர்ந்தது. எனக்குப் பரம சந்தோஷம்.

மறுநாள் பக்கத்து வீட்டில் கதவு மாட்ட வந்திருந்த வயதான மேஸ்திரி ஒருவரிடம் அதைப் பெருமையாகக் காட்டினேன். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"நீலம் பூத்துடுச்சேம்மா. சூடு தாங்காம இரும்போட பதம் போயிடுச்சு. இனிமே கூர் நிக்காது. சுவத்துல ஆணி நோண்டத்தான் ஆவும்."

என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாரோ என்னவோ, சாப்பாட்டு வேளையில் தம் கோணிப் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்துக்கொண்டு எங்கள் திண்ணைக்கு வந்தார். மிச்சமிருந்த அரை அங்குல உளியை வைத்துப் பாடம் ஆரம்பமாயிற்று. கல்லில் நாலு சொட்டு எண்ணெய். உளியின் சரிவு முழுவதும் கல்லில் படிய வேண்டும். சரிவின் நீளம் உளியின் கனத்தைப் போல இரண்டு பங்கு இருந்தால் 30 டிகிரி; கோணமானி தேவையில்லை. அவசரம் கூடாது. பின்பக்கம் நுனியில் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்படும் வரை தேய்க்க வேண்டும். பிறகு உளியைக் குப்புறப் போட்டு, தட்டைப் பக்கத்தைக் கல்லோடு கல்லாக வைத்து அந்தப் பிசிறை எடுக்க வேண்டும்.

"கூர் வந்துதான்னு எப்படித் தெரியும் மேஸ்திரி?"

"நுனியைப் பாருங்க. வெள்ளையா ஒரு கோடு மின்னினா இன்னும் மொண்ணை. கண்ணுக்குத் தெரியிற கூர் கூரே இல்லம்மா."

இன்னொன்றும் சொன்னார். "பிடிக்கிற கை எதுவா இருந்தாலும் உளி வாய்க்கு முன்னால வராது. அதை மட்டும் மறந்துடாதீங்க."

ரம்பத்தையும் காட்டினேன். பல் நுனிகள் கருநீலமாக இருந்தன. உளியில் வந்த நீலம் போல இது குற்றமில்லை. கம்பெனியிலேயே சூடேற்றிக் கெட்டிப்படுத்திய அடையாளம். ரொம்ப நாள் உழைக்கும். ஆனால் மழுங்கினால் அரம் கடிக்காது. தூக்கிப் போட வேண்டியதுதான். அரம் போட்டுத் தீட்டக்கூடிய வெள்ளைப் பல் ரம்பம் என்றால், பல்லைத் தீட்டி, ஒன்று விட்டு ஒன்றாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துத் தரும் ஆள் வேண்டும். மேஸ்திரிக்கு அது கைவந்த கலை. "கேக்கத்தான் ஆளில்லை" என்றார். இப்போது அவர் செய்வதெல்லாம் பிளைவுட் வேலை, மெஷின் வேலை. கோணிப் பையின் அடியில் மரத்தால் ஆன பழைய இழைப்புளி ஒன்று இருந்தது. பல வருஷமாக அதைத் தொடவில்லையாம். "பழகுங்க, அப்புறம் கொடுங்க" என்று அதை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்.

கூலி கொடுக்கப் போனேன். அன்றைக்கு வாங்கவில்லை. ரம்பம் தீட்டித் தருகிற அன்றைக்கு வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். நானும் வெள்ளைப் பல் ரம்பம் ஒன்று தேடி வாங்கி, அதை அவரிடமே கொடுத்தேன். எங்கள் தெருவில் இரண்டு வீட்டார் தேங்காய் வெட்டும் கத்தியையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

இனி மரம். சைடன்ஹாம்ஸ் ரோடு எங்களுக்கு நடக்கிற தூரம். மரக்கடைக்காரர், "எத்தனை கன அடி?" என்று கேட்டதும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நீங்கள் அப்படி விழிக்க வேண்டாம். கணக்கு இவ்வளவுதான்: ஒரு கன அடி என்பது 1728 கன அங்குலம். என் முக்காலிக்கு மேல் பலகை 14 அங்குல நீளம், 10 அங்குல அகலம், 1 அங்குலக் கனம், அது 140. ஒன்றரை அங்குலச் சதுரத்தில் 13 அங்குலக் கால்கள் நான்கு; அது 117. குறுக்குக் கட்டைகளுக்கு ஒரு 45. ஆக மொத்தம் 302. அதாவது ஒரு கன அடியில் ஆறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். அறுத்த மரத்தை இழைத்தால் கனத்தில் கால் அங்குலம் வரை போய்விடும். அதற்கும் என் கைக்கோளாறுக்கும் சேர்த்துக் கால் கன அடி கேட்டேன். ஒரு தான் துணியில் ரவிக்கைக்கு மட்டும் கிழித்துக் கேட்பது போலத்தான். கடைக்காரர் சிரித்துவிட்டு, மூலையில் வெட்டுத் துண்டுகள் குவித்திருந்த இடத்தைக் காட்டினார். அங்கே பொறுக்கி எடுத்தேன்.

தேக்குதான். ஆனால் தேக்கிலும் உள்ளே இருக்கும் வைரத்தைத்தான் செல் அண்டாது. ஓரத்து வெள்ளையை அண்டும். அதைப் பார்த்து எடுக்கத் தெரியாமல் பாதி வெள்ளையாக எடுத்து வந்தேன். தேக்குக்குள் மணல் போன்ற சிலிகா இருப்பதால் உளி சீக்கிரம் மழுங்கும். ஒரு துளை போடுவதற்குள் இரண்டு தரம் கல்லுக்கு ஓடினேன். அப்படியும் துளை வாயகன்று போயிற்று. புரட்டாசி முடிவதற்குள் வாங்கிய தேக்கு முழுவதும் அடுப்பெரிக்கும் அளவுக்கு வந்துவிட்டது. அந்தப் பணத்தை நினைத்து ஒரு நாள் ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவோ இன்னும் நின்றுகொண்டேதான் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

அவள்தான் கேட்டாள்: "கொல்லையிலே கட்டை கிடக்கே, அது ஆவாதா?"

2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. எங்கள் கொல்லை வேம்பும் அதில் ஒன்று. மற்றதெல்லாம் விறகுக்குப் போயிற்று. அடிமரத்தில் ஐந்தடியை மட்டும் அம்மா கொடுக்க மாட்டேன் என்று நிறுத்திக்கொண்டாள். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் சிமெண்டுத் தரைமேல் அது இத்தனை காலமும் கிடந்தது. மேஸ்திரி வந்து தட்டிப் பார்த்தார். இரண்டு முனையிலும் வெடிப்பு. நடுவில் நல்ல கட்டை. வேம்பின் கசப்புக்குப் பூச்சி லேசில் வராது.

மீன்பாடி வண்டியில் ஏற்றி அறுவை மில்லுக்குக் கொண்டு போனோம். கூலிக்கு அறுத்துத் தருவார்கள். ஆனால் மில்காரர் முதலில் கேட்ட கேள்வி: "வீட்டு மரமா? ஆணி இருக்கா?" தெருவோர மரத்திலும் வீட்டு மரத்திலும் யாராவது எதையாவது ஆணி அடித்து வைத்திருப்பார்கள். மரம் வளர்ந்து அதை விழுங்கிவிடும். வாள் அதில் பட்டால் பல் போச்சு. அந்தச் செலவு நம் தலையில். கட்டையை அப்படியே திருப்பிக் கொண்டு வந்தேன்.

அம்மா ஒரு நிமிஷம் யோசித்தாள். "உங்கப்பா கொடி கட்ட ஒரு ஆணி அடிச்சாரு. கயிறு அறுத்த தழும்பு இருக்கும் பாரு" என்றாள். தழும்பு இருந்தது. நீலம் பூத்த அந்த ஓர் அங்குல உளிக்கு அன்றைக்குத்தான் வேலை வந்தது. இரண்டு அங்குல ஆழத்தில், சுற்றிலும் மை கொட்டியது போலக் கறுத்த மரத்துக்கு நடுவே, ஆணி இருந்தது. குறடு வைத்து இழுத்து அம்மாவிடம் கொடுத்தேன். வாங்கித் துடைத்து, அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

அறுத்து வந்த பலகைகளை நிழலில், நடுவே மெல்லிய சட்டங்கள் கொடுத்து அடுக்கினேன். ஈரம் போயிற்றா என்று அறிய மீட்டர் வேண்டாம். ஒரு துண்டைச் சமையலறைத் தராசில் வாரம் ஒரு தரம் நிறுத்து, எடையைக் காலண்டரில் எழுதி வாருங்கள். எடை குறைவது நின்றால் மரம் தயார். எனக்குத் தையில் நின்றது.

வேம்பின் நார் ஒரு பக்கம் போவது போலப் போய் மறு பக்கம் திரும்பும். மொண்ணை இழைப்புளி அதைப் பிய்த்துவிடும். மேஸ்திரியின் பழைய இழைப்புளியைத் தீட்டித் தீட்டித் தள்ளினேன். ஒரு நாள் வெங்காயத் தோல் போல ஒரு சுருள், கிழியாமல், வாசனையோடு வந்து மடியில் விழுந்தது. வீட்டுக்காரர் அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் பலகை நகராமல் பிடித்துக்கொள்ளத் தாமாகவே வந்தார்.

என் அனுபவத்தில் கண்டது இதுதான்: முதலில் கடையைத் தேடாதீர்கள், மரத்தையும் தேடாதீர்கள். கூர் வைக்கத் தெரிந்த ஒருவரைத் தேடுங்கள். எந்த உளி நல்லது, எந்தக் கடை நியாயம், எந்த மில்லில் சின்னக் கட்டையும் அறுப்பார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். உங்கள் வீட்டுக்குக் கதவோ ஜன்னலோ சரி பண்ண வருகிறவரில் ஒருவர் அப்படி இருப்பார். காப்பி கொடுக்கும்போது கேட்டுப் பாருங்கள். சும்மா கேட்காதீர்கள், அவருக்கு ஒரு வேலையும் கொடுங்கள்.

சித்திரையில் முக்காலி முடிந்தது. ஒரு கால் ஆடியது. அதைச் சரி பண்ணப் போய் நாலையும் கொஞ்சம் கொஞ்சம் அறுத்ததில் 14 அங்குலம் பதின்மூன்றரை ஆகிவிட்டது. மேஸ்திரி வந்தார். மேல் பலகையைப் பார்க்கவே இல்லை. கவிழ்த்துப் போட்டு, துளைக்குள் குறுக்குக் கட்டை நுழையும் இடங்களில் நகத்தை வைத்துப் பார்த்தார். இரண்டு இடத்தில் நகம் நுழைந்தது. இரண்டு இடத்தில் நுழையவில்லை.

"பாதி தேறிட்டீங்க" என்றார். இழைப்புளியை நீட்டினேன். "அடுத்ததையும் முடிச்சுட்டுக் கொடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் எதிர் வீட்டு மாமி வந்தபோது, அம்மா அதன்மேல் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பாதம் இரண்டும் தரையில் நன்றாகப் படிந்திருந்தன.

"நல்லா இருக்கே, எங்கே வாங்கினீங்க?"

"வாங்கல்லே" என்றாள் அம்மா. "கொல்லையிலேயே இருந்தது."