கட்சித் தாவல் சட்டம்: பாதிப் பூட்டு



குழுச்சண்டைகளின் வேரை அகற்ற இயலாது. அவற்றின் விளைவுகளையே கட்டுப்படுத்த இயலும் என்று 1787-இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் மேடிசன் எழுதினார்.

நம் நாட்டில், 2018-இல் மக்கள் தேர்ந்தெடுத்த அரசு 2020 பிப்ரவரியில் அணிமாற்றத்தால் கவிழ்ந்தது. அதன் விளைவாகவே 2022-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் பிறந்தது. கட்சியிலிருந்து விலகும் நாடாளுமன்ற உறுப்பினர் தம் இடத்தை இழப்பார். ஆனால், கட்சியே கூட்டணி மாறினால் சட்டம் தடுக்காது. 2020-இல் பெர்சத்து கட்சி செய்தது அதுவே!

தனியொருவரின் தன்னலத்திற்குப் பூட்டு. தலைமையின் தன்னலத்திற்குத் திறந்த கதவா?

அணிமாற்றத்தால் அமையும் எந்த அரசும் உடனே மக்களவையில் நம்பிக்கை வாக்கெடுப்பைச் சந்திக்கச் சட்டம் இயற்றுதல் வேண்டும். தன்னலம் ஒழியாது, வெளிச்சத்திற்கேனும் வரட்டும்.