மாடியில் 10 கிலோவாட் சோலார், கூடவே பேட்டரி: சொன்ன அளவு கரன்ட் வருதா?

2024 பிப்ரவரியில் பிரதமரின் சூர்ய கர் திட்டம் வந்தது. ஒரு வீட்டுக்கு அதிகபட்ச மானியம் 78,000 ரூபாய். அதிலிருந்து அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்களில் சோலார் பேச்சு அதிகம். பேட்டரியும் சேர்த்து, கரன்ட் போனாலும் கட்டடம் தனியாக இயங்கும் 'மைக்ரோகிரிட்' அமைப்புகளும் விற்பனைக்கு வந்துவிட்டன. லட்சக்கணக்கில் போடும் பணத்துக்குப் பலன் கிடைக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பேனலில் போட்டிருக்கும் வாட் கிடைக்காதா?

அது ஆய்வகக் கணக்கு. சதுர மீட்டருக்கு 1,000 வாட் வெளிச்சம், செல்லின் வெப்பம் 25 டிகிரி என்ற நிலையில் அளந்தது. மே மாத மதியத்தில் நம்ம ஊர் மாடியில் செல் 60 டிகிரி வரை சூடாகும். ஒரு டிகிரிக்கு சுமார் 0.35% உற்பத்தி குறையும். அதாவது 35 டிகிரி கூடினால் 12% போச்சு. தூசி, தண்ணீர்த் தொட்டியின் நிழல், இன்வெர்ட்டர் இழப்பு எல்லாம் தனி.

ஆப்பில்தான் தினமும் யூனிட் காட்டுதே?

நேற்று 45, இன்று 38 என்று காட்டினால், காரணம் மேகமா தூசியா என்று அதில் தெரியாது. விழுந்த வெயிலோடு ஒப்பிட வேண்டும். 10 கிலோவாட் அமைப்பு. அந்த மாதம் சதுர மீட்டருக்கு 150 யூனிட் வெயில் என்று வைத்துக்கொள்வோம். இழப்பே இல்லாவிட்டால் 1,500 யூனிட் வர வேண்டும். மீட்டரில் 1,140 என்றால் 76%. இதுதான் 'பெர்ஃபார்மன்ஸ் ரேஷியோ'. 75 முதல் 80% வரை இருந்தால் சரி. 65%க்குக் கீழே போனால் ஆளைக் கூப்பிடுங்கள். வெயில் அளவை நாசாவின் 'பவர்' இணையதளம் இலவசமாகத் தருகிறது. தோராயக் கணக்குக்கு அது போதும்.

பேட்டரிக்கு என்ன கணக்கு?

உள்ளே போன யூனிட், வெளியே வந்த யூனிட் இரண்டையும் தனித்தனி மீட்டரில் பாருங்கள். 100 போய் 85 திரும்பினால் லித்தியம் பேட்டரிக்கு நல்ல அளவு. லெட் ஆசிட்டில் 70 முதல் 80 வரைதான் வரும். மாதாமாதம் இது சரிந்தால் கவனிக்க வேண்டும்.

பவர் கட்டில் ஓடுமா?

பேட்டரி இல்லாத சாதாரண சோலார், கரன்ட் போனதும் தானே நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் பாதுகாப்புக்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். மைக்ரோகிரிட் என்றால் மட்டுமே கட்டடம் தனியாகப் பிரிந்து இயங்கும். எலக்ட்ரீஷியனை வைத்து மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், பொது விளக்குகள் எத்தனை மணி நேரம் ஓடின என்று குறித்துக்கொள்ளுங்கள்.

EB பில் குறைஞ்சா போதாதா?

வெயில் காலத்தில் ஏசி கூடுதலாக ஓடினால், சோலார் நன்றாக வேலை செய்தும் பில் ஏறும். மழைக்காலத்தில் பேனல் பழுதானாலும் பில் இறங்கலாம். அதனால் பில்லை மட்டும் நம்ப முடியாது.

கையெழுத்துப் போடும் முன்பே தனி மீட்டர்கள், தரவை நீங்களே டவுன்லோடு செய்யும் வசதி, குறைந்தபட்ச பெர்ஃபார்மன்ஸ் ரேஷியோ மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். நாளைக்கு வாரன்டி கேட்கப் போகும்போது, கையில் கணக்கு இருந்தால்தான் பேச்சு எடுபடும்.