நிறுத்தும் உரிமை இல்லாத ஓட்டுநருக்கு எச்சரிக்கைக் கருவி எதற்கு?



பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் போதும். தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகத் தானா ராத்தாவுக்கு ஏறும் மலைச்சாலையில் கேம்பர் வேன்களைக் காணலாம். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி என ஒரு வீட்டையே சுமந்துகொண்டு அவை ஏறுகின்றன. அவற்றுள் சிலவற்றின் முகப்பில் உள்ளங்கையளவு திரை ஒன்று ஒளிரும். ஒவ்வொரு டயரிலும் எவ்வளவு காற்று இருக்கிறது, எவ்வளவு சூடு ஏறியிருக்கிறது என்பதை அது நொடிக்கு நொடி காட்டும். காற்று குறைந்தால் ஒலி எழுப்பும். இதனைத்தான் டயர் அழுத்தக் கண்காணிப்புக் கருவி என்கிறோம்.

இதே மலையில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பள்ளி வேனில் என்ன கருவி இருக்கிறது? பெரும்பாலும் ஓட்டுநரின் கால்தான்! காலையில் டயரை ஓர் உதை உதைத்துப் பார்ப்பார், புறப்பட்டுவிடுவார்.

உல்லாசப் பயணத்திற்கு வேண்டிய காவல், கல்விப் பயணத்திற்கு வேண்டாமா? கேமரன் மலையில் பிள்ளைகளை ஏற்றும் ஒவ்வொரு வேனிலும் இக்கருவி இருக்க வேண்டும். அதற்கான செலவை ஓட்டுநரின் தலையில் கட்டாமல் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ஏற்க வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, கருவி ஒலித்தால் வண்டியை நிறுத்தும் உரிமையை ஓட்டுநருக்கு நாம் வழங்க வேண்டும். கடைசியாகச் சொன்னது இல்லையேல் முதலில் சொன்ன இரண்டும் வீண் என்பதே என் வாதம்.

மறுப்போர் சொல்லும் நான்கு காரணங்கள்

"நாங்கள் லாரியில் நின்றுகொண்டே பள்ளிக்குப் போனவர்கள், எங்களுக்கு என்ன ஆயிற்று?" என்பது முதலாவது. உயிரோடு இருப்பவர் மட்டுமே இக்கேள்வியைக் கேட்க முடியும். 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்ட காலந்தொட்டு இம்மலைச்சரிவுகளில் உழைத்த நம் முன்னோர் துன்பப்பட்டதற்கு, அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை என்பதே காரணம். வழி இருந்தும் அத்துன்பத்தைப் பிள்ளைகளுக்குச் சீதனமாகக் கொடுப்பது மரபன்று, மடமை.

"எங்கள் ஓட்டுநர் இருபது ஆண்டு அனுபவசாலி" என்பது இரண்டாவது. அவருடைய அனுபவத்தை நானும் மதிக்கிறேன். ஆனால் 60 பி.எஸ்.ஐ. காற்று இருக்க வேண்டிய வேன் டயரில் 45 மட்டுமே இருந்தாலும், அது கண்ணுக்கு நன்றாகவே தெரியும். உதைத்தால் கல்லைப் போலவே இருக்கும். பின்புறம் இரட்டைச் சக்கரம் உள்ள பேருந்தில் உட்சக்கரம் காற்றிழந்து கிடந்தாலும் வெளிச்சக்கரம் சுமையைத் தாங்கிக்கொண்டு உண்மையை மறைத்துவிடும். அனுபவம் என்பது அறிவு. காற்றழுத்தம் என்பது அளவு. அளவை அளந்துதான் அறிய முடியும்.

"வண்டி சோதனையில் தேறிய வண்டி" என்பது மூன்றாவது. புஸ்பாகோம் நிலையத்தில் சோதித்த நாளில் வண்டி நன்றாக இருந்தது என்பதற்கே அச்சான்று. நேற்று மாலை தோட்டத்து மண்சாலையில் ஏறிய ஆணியை அது அறியுமா? தோட்டச் சாலைகளில் கல்லும் ஆணியும் டயரில் மெல்லிய துளையிடும். காற்று ஓர் இரவு முழுக்கச் சிறிது சிறிதாகக் கசியும். அத்தகைய மெல்லிய கசிவைக் கண்டுபிடிப்பதற்கே இக்கருவி பிறந்தது.

"காசுக்கு எங்கே போவது?" என்பது நான்காவது. நான்கு உணரிகளும் ஒரு திரையும் கொண்ட சாதாரணத் தொகுப்பு ஏறக்குறைய ஒரு புதிய வேன் டயரின் விலைக்குள் அடங்கிவிடும். மேடை அலங்காரத்திற்கும் பதாகைக்கும் சங்கச் சட்டைக்கும் பணம் கண்டுபிடிக்கும் நமக்கு, இதற்கு மட்டும் பணம் கிடைக்கவில்லை என்றால் யார் நம்புவார்?

காற்று குறைந்தால் என்ன நேரும்?

காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் அளவுக்கு மீறி வளைந்து நிமிர்கிறது. அவ்வளைவு சூடாக மாறுகிறது. சூடு உட்புற இழைகளைத் தளர்த்தி, இறுதியில் டயரைப் பிளக்கிறது. மலையிறக்கத்தில் பிரேக்கின் சூடும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. மயிலிறகேயானாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் சொன்னார். காற்று குறையும்போது டயரின் தாங்கும் வலுவும் குறைவதால், ஏற்றிய சுமை மாறாமலே அது அளவு மீறிய சுமையாகிவிடுகிறது!

அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் டயர் பொருத்திய ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் கவிழ்ந்து 100க்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகே, 2000-ஆம் ஆண்டில் அந்நாடு இதற்கெனச் சட்டம் இயற்றியது. 2007 செப்டம்பர் முதல் அங்கே புதிய மகிழுந்துகளிலும் சிறு வாகனங்களிலும் இக்கருவி கட்டாயமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் புதிய மகிழுந்துகள் அனைத்திற்கும் கட்டாயமாக்கியது.

நம் நாட்டிலும் மலைச்சாலைகள் பலி கேட்காமல் இல்லை. 2010 டிசம்பர் 20-இல் கேமரன் மலையிலிருந்து இறங்கிய சுற்றுலாப் பேருந்து கவிழ்ந்து இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2013 ஆகஸ்டு 21-இல் கெந்திங் மலைச்சாலையில் 37 பேர். 2025 ஜூன் 9-இல் கெரிக் அருகே, நாளை ஆசிரியர்களாக வேண்டிய சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர் 15 பேர். இவற்றுக்கு டயர்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. டயர்க் கருவி பிரேக்கைப் பழுது பார்க்காது. ஆனால் பாடம் ஒன்றே: வண்டியின் நிலையைச் சாவு வந்து சொல்வதற்கு முன் நாம் அறிந்திருக்க வேண்டும். சட்டம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

வாங்குவோர் கவனத்திற்கு

1. கருவியின் அளவெல்லையைப் பாருங்கள். மகிழுந்துக்கான மலிவுக் கருவி, சுமை வேனின் பின் டயர் அழுத்தத்திற்கும் பேருந்தின் 100 பி.எஸ்.ஐ.க்கு மேற்பட்ட அழுத்தத்திற்கும் போதாமல் போகலாம்.

2. வால்வின் மூடிக்குப் பதிலாகத் திருகும் வெளி உணரியை நாமே பொருத்தலாம். மின்கலத்தையும் நாமே மாற்றலாம். ஆனால் அதன் எடையை ரப்பர் வால்வு நெடுநாள் தாங்காது. உலோக வால்வாக மாற்றிக்கொள்க. டயருக்குள் பொருத்தும் உணரி திருட்டுக்குத் தப்பும். ஆயினும் மின்கலம் தீர்ந்தால் டயரைக் கழற்றியாக வேண்டும்.

3. அழுத்தத்தோடு சூட்டையும் காட்டும் கருவியே மலைக்கு ஏற்றது. மற்றவை சீராக இருக்க ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சூடேறினால், அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

4. நீண்ட பேருந்தானால், பின்சக்கரத்து அலையை முன்னே கடத்தும் துணைக்கருவியும் வேண்டும்.

பயன்படுத்துவோர் கவனத்திற்கு

வண்டிக் கதவோரத்தில் ஒட்டியுள்ள அட்டவணையின்படி, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றை நிரப்புங்கள். டயரின் பக்கத்தில் பொறித்திருப்பது அதன் உச்ச அளவு. அது உங்கள் வண்டிக்குரிய அளவன்று. ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் கூடுவது இயல்பு; அதைக் கண்டு காற்றைத் திறந்துவிடாதீர்கள்.

நம் மலைக்கே உரிய ஒரு நுட்பமும் உண்டு. தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் தாப்பாவில் இருப்பதைவிட ஏறக்குறைய 2 பி.எஸ்.ஐ. குறைவு. சில கருவிகள் எப்போதும் கடல்மட்டத்தையே கணக்கில் கொள்வதால், மலைமேல் உண்மையைவிட 2 குறைத்துக் காட்டும். இன்னொரு புறம், குளிர் 10 பாகை கூடினால் 35 பி.எஸ்.ஐ. டயரில் ஒன்றரை முதல் இரண்டு வரை உண்மையாகவே குறையும். எனவே மாதம் ஒருமுறையாவது கையளவியால் அளந்து, கருவி காட்டும் எண்ணோடு ஒப்பிடுங்கள். வேறுபாடு தெரிந்துவிட்டால் வீண் அச்சமும் இல்லை. வீண் துணிச்சலும் இல்லை.

எச்சரிக்கை எல்லையை 25 விழுக்காட்டுக் குறைவில் விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் நிறைந்த வேனுக்கு அது காலங்கடந்த அறிவிப்பு. 10 முதல் 15 விழுக்காட்டுக்குள் வையுங்கள்.

இனி நம் பங்கு

காலை மணி ஏழு. வேனில் பன்னிரண்டு பிள்ளைகள். வளைவு ஒன்றைக் கடக்கும்போது கருவி ஒலிக்கிறது. ஓட்டுநர் என்ன செய்வார்? நிறுத்தினால் பிள்ளைகள் தாமதமாவார்கள். வாயிலில் பெயர் எழுதப்படும். பெற்றோர் தொலைபேசியில் ஏசுவார்கள். அடுத்த மாதம் இரண்டு பிள்ளைகள் வேறு வேனுக்கு மாறிவிடுவார்கள். இத்தனையும் அறிந்தவர், "பள்ளியில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒலியை அடக்கிவிடுவார். அந்தக் கையை அப்படி அடக்க வைத்தது யார்? நாம் அல்லவா!

ஆகவே என் கோரிக்கைகள் இவை:

- கருவி எச்சரித்து வேன் தாமதமானால், அதிலுள்ள எந்தப் பிள்ளையையும் தாமதமாக வந்ததாகப் பள்ளி பதியக் கூடாது.
- பழுதான வேனின் பிள்ளைகளை அழைத்துவர மாற்று வண்டி எது என்பதைச் சங்கம் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.
- நிறுத்தி வைத்த நாளுக்கும் ஓட்டுநருக்குரிய கட்டணத்தைப் பெற்றோர் குறைக்கக் கூடாது.
- ஓட்டுநர் நாள்தோறும் அளவுகளை ஒரு குறிப்பேட்டில் எழுத, சங்கப் பொறுப்பாளர் வாரம் ஒருமுறை பார்வையிட வேண்டும்.

இவற்றுள் முதல் மூன்றிற்கும் எந்த அமைச்சின் ஒப்புதலுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை என்றே நான் கருதுகிறேன். ஓர் ஆண்டுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும். பிள்ளை அரைமணி நேரம் பிந்தி வந்தால் பாடத்தை மறுபடி நடத்தலாம். வராமலே போனால் எந்த ஆசிரியரால் என்ன செய்ய முடியும்?

சிந்திப்போம், இவ்வாண்டுக் கூட்டத்திலேயே செயல்படுவோம்!