மௌனம் யாருக்குக் கலை?

மகேந்திரன் பெரிய கலைஞர்தான். அதை மறுக்க நான் இதை எழுதவில்லை. அவர் பெயரைச் சொல்லி நம் பிள்ளைகளின் வாயை அடைக்கிறார்களே, அதற்காக எழுதுகிறேன். சேரியிலிருந்து ஒரு பையன் திரைக்கதையோடு போனால், "பிரச்சாரம் பண்ணாதப்பா, வசனத்தக் குறை, உதிரிப்பூக்கள் பாரு" என்று உபதேசம் கிடைக்கிறது. சரி, பார்ப்போமே.

1958இல் அழகப்பா கல்லூரி மேடையில், எம்.ஜி.ஆர். உட்கார்ந்திருக்கும்போதே தமிழ் சினிமாவின் பொய்யைப் போட்டு உடைத்தவர் மகேந்திரன். அதே எம்.ஜி.ஆர். 'பொன்னியின் செல்வன்' திரைக்கதை எழுத அவரை அழைத்துக்கொண்டார். அந்தப் படம் நடக்கவில்லை. பிறகு பல வருஷம் கதை, வசனம். 1974இல் 'தங்கப்பதக்கம்'. கடமைக்காகப் பெற்ற மகனையே சுடும் போலீஸ் அதிகாரிக்குத் தமிழ்நாடே கைதட்டியது. கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டு அப்போது ஆறு வருஷம்கூட ஆகவில்லை. அப்படியொரு நீதிமான் காக்கி போட்டுக்கொண்டு எந்தச் சேரிக்குள் வந்தான்? நம் சனங்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

1978இல் 'முள்ளும் மலரும்' எடுத்து இயக்குநரானார். வசனத்தில் பேர் வாங்கியவரே வசனத்தை வெட்டிப் போட்டது லேசான காரியமில்லை. கை போன பிறகும் என்ஜினீயர் முன்னால் குனியாத விஞ்ச் ஆபரேட்டர் காளி. தங்கையைக் கட்டிக்கொடுக்கும்போதும் 'உன்னைப் பிடிக்கவில்லை' என்று முகத்துக்கு நேரே சொல்கிற அந்த முறைப்பு நமக்கும் பிடித்தது. அந்தப் படம் வந்ததற்கு முந்தைய மாதம், ஜூலையில், விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அதைப் படம் ஏன் சொல்லவில்லை என்று கேட்க நான் முட்டாள் இல்லை. அப்படிப்பட்ட நாட்டில் எந்தக் கிராமம் கேமராவின் கண்ணில் பட்டது என்றுதான் கேட்கிறேன்.

அடுத்த வருஷம் 'உதிரிப்பூக்கள்', புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யை வைத்து. பெண்டாட்டியை வதைத்த ஒருவனை ஊரே திரண்டு ஆற்றில் இறக்குகிறது. ஊர் என்றதும் நமக்குக் கேட்கத் தோன்றுவது வேறு: அந்த ஊருக்குச் சேரி எந்தத் திசை? அந்த ஆற்றில் யாருக்கு எந்தத் துறை? கதை அந்தப் பக்கமே போகவில்லை. அசோக்குமாரின் கேமராவில் வெளிச்சம் நிஜம், மணல் நிஜம், தண்ணீர் நிஜம். சாதி மட்டும் காணோம். இதற்குப் பேர் யதார்த்தமாம்!

2006இல் 'சாசனம்' வந்தது. அதில் சாதி உண்டு. செட்டிநாட்டு வீட்டின் சுவீகார வழக்கமாக உண்டு. அதை 'வாழ்க்கைப் பதிவு' என்றார்கள். நம் தெருவின் கதையை நாம் சொன்னால் மட்டும் அது சாதிப் படமா? இது என்ன நியாயம்?

மௌனம் நமக்குப் புதுசு இல்லை. டீக்கடையில், பள்ளிக்கூடத்தில், கோவில் வாசலில், வாய் திறந்தால் அடி விழும் என்று காலங்காலமாக இருந்த மௌனம் அது. அதையே அழகியல் என்று திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள முடியாது. 2018இல் 'பரியேறும் பெருமாள்' சாதியைச் சாதி என்றே பேசியது. பேச வேண்டியதையெல்லாம் பேசிவிட்டுத்தான் கடைசியில் இரண்டு டீ கிளாஸையும் நடுவே ஒரு பூவையும் காட்டி மௌனமானது. அந்த மௌனத்துக்கு அர்த்தம் உண்டு.

தம்பிகளே, தங்கச்சிகளே, மகேந்திரனிடம் தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள். எதைப் பேசக்கூடாது என்பதை மட்டும் அவர் பெயரால் எவர் சொன்னாலும் கேட்காதீர்கள்.